இயற்கையைப் பின்பற்றும் தொழில்நுட்பமும் கிறிஸ்தவ அறநெறியும்

இயற்கையில் காணும் அமைப்புகளை உற்றுநோக்கி, அவற்றைப் பின்பற்றிப் பொருள்களையும் பொறிகளையும் ஆக்கும் முயற்சி இன்று ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-ஆம் ஆண்டில் தம் ஆடையிலும் நாயின் உரோமத்திலும் ஒட்டியிருந்த முள்காய்களை உருப்பெருக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்தார். அவற்றின் நுனியிலிருந்த நுண்கொக்கிகளே இன்று காலணிகளிலும் பைகளிலும் நாம் காணும் ஒட்டுப்பட்டைக்கு வழிகாட்டின. ஜப்பானில் 1997-இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை அதிவேக இரயில் வண்டியின் நீண்ட முகப்பு, மீன்கொத்திப் பறவையின் அலகைப் பார்த்து அமைக்கப்பட்டது. சுரங்கப் பாதையிலிருந்து வண்டி வெளிப்படுகையில் எழுந்த பேரொலியைத் தணிக்க அது பயன்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் ஜெனின் பென்யஸ் வெளியிட்ட நூல் இத்துறையின் பெயரையும் கொள்கையையும் உலகெங்கும் பரப்பிற்று. இயற்கையை மாதிரியாகவும் அளவுகோலாகவும் ஆசானாகவும் கொள்ள வேண்டும் என்பது அவர்தம் கருத்தின் சாரம்.

இத்தகைய செய்திகள் நம் பிரசங்கங்களில் விரும்பி எடுத்தாளப்படுகின்றன. படைத்தவரின் ஞானத்திற்கு இவை சான்று என்று கூறி, சபையாரை வியக்கச் செய்து, அடுத்த குறிப்புக்குச் சென்றுவிடுகிறோம். அவ்வியப்பில் பிழையொன்றும் இல்லை. ஆனால், இயற்கையிடமிருந்து கற்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒரு தொழில்நுட்பம் தூய்மையானது, தீங்கற்றது, கடவுளின் சித்தத்திற்கு ஏற்றது என்ற எண்ணம் அவ்வியப்போடு சேர்ந்து உள்ளே நுழைந்துவிடுகிறது. விற்பனையாளரும் இவ்வெண்ணத்தை நன்கு பயன்படுத்திக்கொள்கின்றனர். கற்ற பாடம் எதற்காகப் பயன்படுகிறது, கற்பித்த உயிருக்கு என்ன நேர்ந்தது, கற்றவன் யாருக்குக் கடன்பட்டான் என்னும் வினாக்கள் எழுவதில்லை. இவ்வினாக்களைத் திருமறையின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உயிரினங்களிடம் கற்றல்: திருமறை காட்டும் வழி

உயிரினங்களை ஆசிரியராகக் கொள்ளுமாறு பணிப்பது திருமறைக்குப் புதிதன்று. நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் சோம்பேறியை எறும்பினிடம் அனுப்புகிறது. 30-ஆம் அதிகாரம் எறும்பு, குழிமுசல், வெட்டுக்கிளி ஆகியவற்றோடு நான்காவதாக ஒரு சிற்றுயிரையும் ஞானமுள்ளதாகப் பட்டியலிடுகிறது. அந்நான்காவதைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சிலந்தி என்றது. எபிரெயச் சொல் பல்லியையே குறிக்கும் என்பது அறிஞர் பலரின் துணிபு. பல்லியின் பாதம் சுவரைப் பற்றும் முறையைக் கொண்டு பசையில்லாமல் ஒட்டும் பட்டைகளை ஆக்க முயல்வோர்க்கு இச்செய்தி சுவை பயக்கலாம். எனினும் ஞானியின் கருத்து அதுவன்று. எறும்புப் புற்றின் கட்டட அமைப்பைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. தலைவனும் மேற்பார்வையாளனும் இல்லாதிருந்தும் எறும்பு உழைப்பதையே அவர் சுட்டுகிறார். கற்பவன் எறும்பைப்போல் ஒன்றைக் கட்டுவதற்காக அங்கே அனுப்பப்படவில்லை. தன் வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்வதற்காக அனுப்பப்படுகிறான்.

யோபு 12:7 இன்னும் ஆழமானது. மிருகங்களையும் பறவைகளையும் கேட்டுப் பார், அவை உனக்குப் போதிக்கும் என்று யோபு தம் நண்பருக்குச் சொல்லுகிறார். போதித்தல் என்று இங்கு வரும் எபிரெய வினைச்சொல்லும், நியாயப்பிரமாணத்தைக் குறிக்கும் ‘தோரா’ என்னும் பெயர்ச்சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ஆடுமாடுகளும் மீன்களும் ஒருவகையில் தோரா ஓதுகின்றன எனலாம். அவை ஓதுவது யாது என்பதை 10-ஆம் வசனத்தில் காண்கிறோம். சகல உயிரும், மனிதனின் ஆவியும், ஆண்டவரின் கையில் இருக்கின்றன என்பதே அப்பாடம். ஆகவே, மிருகத்தினிடம் கற்பவன் முதலில் கற்க வேண்டியது அம்மிருகம் தன் உடைமையன்று என்பதாகும்.

மத்தேயு 6:28-இல் காட்டுப் பூக்களைப் பற்றி நம் ஆண்டவர் பயன்படுத்தும் வினைச்சொல்லும் நோக்கற்பாலது. 26-ஆம் வசனத்தில் பறவைகளைப் பற்றிப் பேசும்போது ‘உற்றுப் பாருங்கள்’ என்னும் பொருளுடைய சொல் வருகிறது. பூக்களைப் பற்றிப் பேசும்போது ‘கட்டமன்தானோ’ என்னும் சொல் வருகிறது. ஆழ்ந்து கற்றுக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். புதிய ஏற்பாட்டில் இவ்வோர் இடத்தில் மட்டுமே அச்சொல் காணப்படுகிறது. சீடனைக் குறிக்கும் ‘மத்தேத்தேஸ்’ என்னும் சொல்லும் இதே வேரைச் சார்ந்ததே. பூவிடம் சீடராய் அமருங்கள் என்று இயேசு பணிக்கிறார் எனக் கொள்வது மிகையாகாது. அங்கே கற்கும் பாடம் கவலையினின்று விடுதலை பெறுவது. அப்பகுதி கடவுளின் ஆட்சியையும் நீதியையும் முதலாவது தேடுவதில் சென்று முடிகிறது.

இம்மூன்று பகுதிகளிலும் கற்றலின் விளைவு கற்பவனிடத்திலே நிகழ்கிறது. தொழில்நுட்பக் கற்றலின் விளைவோ பொருளிலே நிகழ்கிறது. கற்றவன் சிறிதும் மாறாதிருந்தாலும் கற்ற நுட்பம் குறைவின்றிப் பயன்தரும். பேராசையுள்ளவனும் தாமரை இலையிடம் கற்கலாம். போர்வெறி கொண்டவனும் பறவையினிடம் கற்கலாம். அறச்சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. இதனால் தொழில்நுட்பக் கற்றல் இழிந்ததாகிவிடாது. பெசலெயேலின் கைத்திறமையும் (யாத்திராகமம் 31), உழவன் நிலத்தைப் பண்படுத்தும் முறையும் (ஏசாயா 28:23-29) கடவுள் தந்த ஞானமென்றே திருமறை கூறுகிறது. ஆயினும் கைத்திறமை என்னும் கொடை மட்டும் நீதியாகிவிடுவதில்லை.

இயற்கை அளவுகோலாகுமா?

இயற்கையை மாதிரியாகக் கொள்வதை ஏற்கலாம். அளவுகோலாகக் கொள்வதில்தான் இறையியல் மாணவன் சற்றுத் தயங்க வேண்டும். 1860-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் டார்வின், அமெரிக்கத் தாவரவியலாரும் கிறிஸ்தவ விசுவாசியுமான ஏசா கிரேக்கு எழுதிய மடலில், உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, தன் குஞ்சுகள் அதை உள்ளிருந்தே தின்று வளரச் செய்யும் குளவியினத்தைச் சுட்டி, இதை அன்புள்ள கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என நம்புவது தமக்கு அரிதாயிருக்கிறது என்னும் கருத்தை வெளியிட்டார். திருமறை இவ்வுண்மையை மறைக்கவில்லை. தன் முட்டைகளைத் தரையில் விட்டுச் செல்லும் தீக்குருவியை யோபு 39-ஆம் அதிகாரம் ஒப்பனையின்றிக் காட்டுகிறது. சங்கீதம் 104 பாலசிங்கங்களின் கெர்ச்சிப்பை அவை கடவுளிடம் இரை கேட்கும் குரலாகக் கேட்கிறது. எறும்பு உழைப்பைக் கற்பிக்கிறது. அயற்புற்றின்மீது படையெடுத்து அடிமைகளைக் கொண்டுவரும் எறும்பு வகைகளும் உள்ளன. எதைக் கற்பது, எதை விடுவது என்று தெரிந்தெடுக்கும் அளவுகோல் எறும்பினிடம் இல்லை.

இதனை நன்கு அறிந்திருந்தவர் கார்ல் பார்த். 1934-இல் எமில் புரூன்னர் ‘இயற்கையும் கிருபையும்’ என்னும் சிறுநூலில் இயற்கை இறையியலுக்கு ஓர் இடம் கேட்டபோது, அதே ஆண்டில் ‘இல்லை!’ என்று தலைப்பிட்டே பார்த் மறுப்பு எழுதினார். நம் மாணவர் பலர் இவ்விவாதத்தைத் தேர்வுக்காகப் படித்து மறந்துவிடுகின்றனர். அன்று ஜெர்மனியில் நாசி ஆட்சிக்குத் துணைபோன ‘ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்’ இனத்தையும் குருதியையும் படைப்பின் நியதிகள் என்று போற்றினர் என்பதை நினைவிற்கொண்டால், பார்த்தின் மறுப்பு ஏன் அத்தனை கடுமையாய் ஒலித்தது என்பது விளங்கும். இயற்கை இப்படிச் சொல்லுகிறது என்பவன் பெரும்பாலும் தன் விருப்பத்தையே இயற்கையின் வாயில் வைக்கிறான். அதே பார்த், 1959-இல் வெளிவந்த தம் திருச்சபைக் கோட்பாட்டியலின் ஒரு பகுதியில், படைப்புக்கும் அதற்குரிய சிறு ஒளிகள் உண்டு என ஒப்புக்கொண்டார். அவ்வொளிகளைக் கிறிஸ்துவாகிய ஒரே ஒளியின் முன்னிலையில் வைத்தே காண வேண்டும் என்பது அவர் நிபந்தனை. நம் பொருளுக்கு இந்நிலைப்பாடே ஏற்றது எனலாம்.

பறவையினிடம் கற்றவர்

இக்கருத்துக்கு வரலாற்றில் ஒரு துயரமான எடுத்துக்காட்டு உண்டு. ஓட்டோ லிலியன்தால் 1848-இல் ஜெர்மனியின் வடபகுதியில் ஆங்க்லாம் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே தம் சகோதரர் குஸ்தாவோடு சேர்ந்து நாரைகள் எழும்பிப் பறப்பதை மணிக்கணக்காக உற்றுநோக்கினார். சிறகின் வளைவே பறவையைத் தாங்குகிறது என்பதைப் பல்லாண்டு அளந்து கண்டு, 1889-இல் பறவையின் பறத்தலைப் பறத்தற்கலையின் அடிப்படையாக விளக்கும் நூலை வெளியிட்டார். 1891 முதல் தாமே அமைத்த சிறகுகளைப் பூட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து ஏறத்தாழ 2,000 முறை மிதந்து இறங்கினார். இயற்கையை ஆசானாகக் கொண்ட பொறியாளர் என்று எவரையேனும் சொல்லலாமெனில் இவரைச் சொல்லலாம்.

அவருடைய நோக்கமும் உயர்ந்ததே. 1894 ஜனவரியில், சமூகச் சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பிவந்த மோரிட்ஸ் ஃபொன் எகிடி என்பவருக்கு அவர் ஒரு மடல் எழுதினார். மானிடர் பறக்கத் தொடங்கினால் நாடுகளின் எல்லைகள் பொருளற்றுப்போகும், எல்லை காக்கும் படைகளுக்கு வேலை இராது, வழக்குகளைப் போரின்றித் தீர்க்க வேறு வழி தேட நேரிடும், அதன்வழி நிலையான அமைதி பிறக்கும் என்று அதில் அவர் நம்பிக்கை தெரிவித்தார். 1896 ஆகஸ்டு 9-ஆம் நாள் அவருடைய மிதவைச் சிறகு காற்றில் தடுமாறி விழுந்தது. மறுநாள் உயிர் துறந்தார். அவர் விட்டுச்சென்ற அளவைகளை ஆராய்ந்தே ரைட் சகோதரர் தம் பணியைத் தொடங்கினர். 1903-இல் விசையூட்டிய வானூர்தி பறந்தது. 1911 நவம்பர் 1-ஆம் நாள் லிபியாவில் இத்தாலியப் படை விமானி ஜூலியோ கவோட்டி தம் விமானத்திலிருந்து கையால் குண்டுகளை எறிந்தார். விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்ட முதல் நிகழ்ச்சி அதுவே. லிலியன்தால் மறைந்து 15 ஆண்டுகளே ஆகியிருந்தன.

நாரையின் சிறகு பறக்கும் வகையைக் கற்பித்தது; எங்கே பறப்பது, எதைச் சுமந்து பறப்பது என்பதைக் கற்பிக்கவில்லை. லிலியன்தால் அவ்விரண்டும் ஒன்றாக வரும் என்று நம்பினார். இன்று தேனீக் கூட்டத்தையும் பறவைத் திரளையும் கற்று அமைக்கப்படும் சிறு ஆளில்லா விமானக் கூட்டங்கள் அதே வினாவை மீண்டும் எழுப்புகின்றன. சர்ப்பங்களைப்போல வினாவும் புறாக்களைப்போலக் கபடின்மையும் உடையவராய் இருக்கும்படி (மத்தேயு 10:16) ஆண்டவர் தம் சீடருக்குக் கட்டளையிட்டபோது, ஓர் உயிரினிடமிருந்தே இரண்டையும் கற்கச் சொல்லவில்லை என்பது கருதற்பாலது.

நீலக் குருதி

பயன்பாட்டின் நோக்கம் தீயதாயிருந்தால் சிக்கல் எளிதில் தெரிந்துவிடும். நோக்கம் உயிர்காப்பதாயிருக்கும்போதோ ஆராய்ச்சி நுட்பமாகிறது. இதற்குக் குதிரை லாட நண்டின் வரலாற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

நண்டு என்று பெயர் பெற்றாலும் இவ்வுயிர் சிலந்திக்கும் தேளுக்குமே நெருங்கிய உறவுடையது. இதன் இனத்தைச் சார்ந்த புதைபடிவங்கள் ஏறத்தாழ 44 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறைகளில் காணப்படுகின்றன. இன்று எஞ்சியிருப்பவை நான்கு வகைகளே. ஒன்று வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழ்கிறது. மற்ற மூன்றும் ஆசியக் கரைகளுக்குரியவை. அவற்றுள் இரண்டு நம் நாட்டில் ஒடிசா, மேற்கு வங்கக் கரைகளில் வாழ்கின்றன. நம் குருதியில் இரும்பு செய்யும் பணியை இதன் குருதியில் செம்பு செய்வதால் அது நீலநிறம் பெறுகிறது.

1956-இல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் பிரெடரிக் பாங் என்னும் மருத்துவ அறிஞர், சிலவகைப் பாக்டீரியாக்கள் நுழைந்ததும் இக்குருதி உறைந்து கட்டியாகிவிடுவதை விளக்கி எழுதினார். பின்னர் அவரும் ஜாக் லெவினும் சேர்ந்து, அப்பாக்டீரியாக்களின் புறச்சுவரிலுள்ள எண்டோடாக்சின் என்னும் நச்சே இவ்வுறைவுக்குக் காரணம் என்று நிறுவினர். கிருமியைக் கொதிக்கவைத்துக் கொன்றாலும் இந்நச்சு அழிவதில்லை. ஊசிமருந்தோடு மனித உடலில் புகுந்தால் கடுங்காய்ச்சலும் அதிர்ச்சியும், சிலவேளை மரணமும் நேரும். 1940-களிலிருந்து மருந்துகளை முயல்களுக்குச் செலுத்தி, அவற்றின் உடல்வெப்பம் உயர்கிறதா என்று பார்ப்பதே சோதனையாயிருந்தது. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் நண்டின் குருதியினின்று எடுத்த சாற்றைச் சோதனைப் பொருளாக ஏற்றது. எண்ணற்ற முயல்கள் பிழைத்தன. நரம்பில் ஏற்றும் உப்புநீரும், தடுப்பூசியும், இதயத்தில் பொருத்தும் கருவியும் இச்சோதனையின் காவலைப் பெற்றன. நோயாளியின் படுக்கையருகே நின்று நாம் மன்றாடுகையில், மேலே தொங்கும் மருந்துப் புட்டியின் பாதுகாப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இவ்வுயிரின் குருதி இருந்திருக்கிறது.

அக்குருதி எடுக்கப்படும் முறை இது. கடலிலிருந்து பிடிக்கப்பட்ட நண்டுகள் வரிசையாகச் சட்டங்களில் பொருத்தப்படுகின்றன. முதுகோடுகள் இணையும் மூட்டில் ஊசி செலுத்தப்பட்டு, குருதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வடிக்கப்படுகிறது. பின்னர் அவை மீண்டும் கடலில் விடப்படுகின்றன. அமெரிக்கக் கரையில் மட்டும் ஆண்டுதோறும் பல இலட்சம் நண்டுகள் இவ்வாறு குருதி தருகின்றன. அவற்றுள் நூற்றுக்கு 15 இறப்பதாக மீன்வள நிர்வாகத்தார் கணக்கிடுகின்றனர். நூற்றுக்கு 30 வரை இறக்கலாம் என ஆய்வுகள் சில கூறுகின்றன. ஆசியாவின் சில இடங்களில் குருதி எடுத்தபின் நண்டு கடலுக்குத் திரும்புவதே இல்லை.

இழப்பு நண்டோடு நிற்பதில்லை. தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து கனடாவின் வடதுருவப் பகுதிக்குப் பறந்து செல்லும் ரெட் நாட் என்னும் சிறு கரைப்பறவை, ஒவ்வொரு மே மாதத்திலும் டெலவேர் வளைகுடாவில் இறங்கி, இந்நண்டுகள் மணலில் இடும் முட்டைகளைத் தின்று தன் எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொண்டு பயணத்தைத் தொடர்கிறது. 1990-களில் மீன்பிடி இரைக்காக நண்டுகள் பேரளவில் அழிக்கப்பட்டபின் முட்டை குறைந்தது, பறவையும் குறைந்தது. 2014-இல் அமெரிக்க அரசு இப்பறவையினத்தை அச்சுறுத்தலுக்குள்ளானதாக அறிவித்தது. பெருங்கேடு இரைப்பிடிப்பால் வந்தது. குருதியெடுப்பைமட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையன்று. எனினும் ஏற்கெனவே நலிந்த இனத்தின்மீது அதுவும் ஒரு சுமையாக விழுந்தது.

இங்கேதான் கற்றல் என்னும் சொல் தன் முழுப் பொருளைப் பெறுகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டிங் ஜியாக் லிங், ஹோ பௌ என்னும் இரு அறிஞர், தென்கிழக்காசியச் சதுப்புக் கரைகளில் வாழும் நண்டு வகையை ஆராய்ந்து, எண்டோடாக்சினை முதலில் உணரும் புரதத்தின் மரபணுவைக் கண்டறிந்தனர். அம்மரபணுவை வேறு உயிரணுக்களில் புகுத்தி, நண்டின்றியே அப்புரதத்தை ஆக்கும் வழியை 1990-களில் வகுத்தனர். 2003-இல் அது விற்பனைக்கு வந்தது. நண்டினிடமிருந்து எடுத்துக்கொண்டேயிருந்த காலம் முடிந்து, நண்டினிடமிருந்து கற்றுக்கொண்ட காலம் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. இம்முறையால் சோதிக்கப்பட்ட மருந்து ஒன்று அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்றது 2018-இல். ஐரோப்பிய மருந்துநூல் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2021-இல். அமெரிக்க மருந்துநூலின் அதிகாரம் நடைமுறைக்கு வந்தது 2025-இல். பாடம் கைக்குக் கிடைத்தபின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசான் சட்டத்தில் பொருத்தப்பட்டே இருந்தார்.

தாமதத்திற்குக் காரணங்கள் கூறப்பட்டன. காப்புரிமையால் அப்பொருள் நெடுங்காலம் ஒரே நிறுவனத்திடமிருந்து வர வேண்டியிருந்தது. புதுமுறை பழையதற்கு நிகர் என்று ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நோயாளியின் உயிரைப் பணயம் வைக்க எவரும் துணியார். அத்தயக்கத்தை எளிதாகப் பழிக்கலாகாது. ஆயினும் ஈண்டு நாம் காண்பது யாது? கொடியவன் ஒருவனும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தனர். நண்டின் சார்பில் பேசுவதைக் கடமையாகக் கொண்டவரோ மிகச் சிலர். பாவத்தைத் தனிமனிதனின் தீச்செயலாக மட்டுமே போதித்துப் பழகிய நமக்கு, ஒழுங்காக நடைபெறும் ஓர் அமைப்பின் பழக்கத்தில் உறையும் பாவத்தைப் பற்றி இவ்வரலாறு நிறையக் கற்பிக்கிறது.

உபாகமம் 22:6,7-இல் ஒரு சிறு கட்டளை உண்டு. வழியில் பறவைக்கூடு ஒன்றைக் காண்பவன் குஞ்சுகளையோ முட்டைகளையோ எடுத்துக்கொள்ளலாம். தாயைப் பிடிக்கலாகாது, அதைப் போகவிட வேண்டும். யூத ரபிமார் இதனைக் கட்டளைகளுள் இலேசானவற்றுள் ஒன்றாக எண்ணினர். ஆனால் நன்மை உண்டாகவும் நாள்கள் நீடிக்கவும் என்று தாய்தந்தையரைக் கனம்பண்ணும் கற்பனைக்குச் சேர்த்த வாக்குறுதியே இதற்கும் சேர்க்கப்பட்டுள்ளது. மிஷ்னாவும் இதன் வெகுமதியின் பெருமையைச் சுட்டுகிறது. இக்கட்டளை எடுப்பதைத் தடைசெய்யவில்லை. பசித்தவன் முட்டையை உண்ணட்டும். நோயுற்றவன் மருந்தைப் பெறட்டும். ஊற்று அழியலாகாது என்பதே வரம்பு. தாயைப் போகவிடத் தக்க வழி வந்தபின்னும் அதைப் பிடித்து வைத்திருப்பதற்கு இக்கட்டளை இடங்கொடாது. முயலை விடுவித்த சோதனை நண்டைக் கட்டியது. நண்டை விடுவிக்கும் சோதனை இப்போது நம் கையில் உள்ளது.

பிரசங்கிப்போர்க்கு ஒரு சொல். பிறர் வாழக் குருதி சிந்தும் இவ்வுயிரைக் கிறிஸ்துவின் சிலுவைக்கு உவமையாக்கும் சோதனை நம்மில் பலருக்கு வரும். எபிரெயர் 9-ஆம் அதிகாரம் உடனே நினைவுக்கு வரும். அவ்வுவமையைத் தவிர்த்தல் நலம். ஆண்டவர் தம் உயிரைத் தாமாகவே ஈந்தார், இந்நண்டு பிடிக்கப்பட்டது. பிடித்தவன் தன் செயலைப் பலியென்று புனிதப்படுத்திக்கொள்ள நம் பிரசங்கம் உதவிவிடக் கூடாது.

பாடத்தின் உரிமையாளர் யார்?

தாமரையிலைத் தண்ணீர் என்பது தமிழர் நாவில் வழங்கும் உவமை. பற்றற்றிருத்தலை அதனால் குறித்தோம். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலார் வில்ஹெல்ம் பார்த்லாட் அவ்விலையின் மேற்பரப்பிலுள்ள நுண்மேடுகளும் மெழுகுத் துகள்களும் நீரையும் அழுக்கையும் ஒட்டவிடாது உருட்டிவிடுவதை ஆராய்ந்து 1997-இல் விரிவாக வெளியிட்டார். 1999-இல் அத்தன்மையுடைய சுவர்ப் பூச்சு ஒன்று ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அத்தன்மையைக் குறிக்கும் பெயரும் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டது. ஆராய்ந்தவரின் உழைப்புக்கு மதிப்பு உண்டு. அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் பற்றின்மையின் உவமையாக விளங்கிய ஒன்று உரிமைப் பத்திரத்தில் பற்றப்பட்டதைத் தமிழ் வாசகர் சற்று நகைப்போடு நோக்கலாம்.

சட்டம் இதில் ஒரு வெற்றிடத்தை விட்டிருக்கிறது. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் நாடுகள் கையெழுத்திட்ட பல்லுயிர் உடன்படிக்கையும், 2010-இல் நகோயாவில் அதனோடு சேர்க்கப்பட்ட நெறிமுறையும், ஒரு நாட்டின் மரபணு வளத்தைப் பயன்படுத்துவோர் அதன் நன்மையை அந்நாட்டோடு பகிர வேண்டும் என்கின்றன. வடிவத்தை மட்டும் பார்த்துக் கற்றுச் செல்பவன் எந்த மரபணுவையும் எடுத்துச் செல்வதில்லை. ஆகவே அவன்மீது இக்கடமை சாராது. கணிப்பொறியில் எழுத்துகளாகச் சேமிக்கப்பட்ட மரபணு விவரங்களைப் பயன்படுத்துவோரிடமிருந்து பங்கு பெற 2025 பிப்ரவரியில் காலி நிதியம் என்னும் நிதி தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் அதற்கு ஈவது இன்னும் விருப்பத்தைப் பொறுத்ததே. மீன்கொத்திக்கோ தாமரைக் குளத்திற்கோ சட்டப்படி எதுவும் சேர வேண்டியதில்லை. சட்டம் கோராத இடத்தில் கடன் உண்டா என்பது வழக்கறிஞரின் வினாவன்று, நம்முடையது. ரோமர் 8-இல் பவுல் கூறும் படைப்பின் தவிப்பு, தன்னிடம் கற்றவரிடமிருந்து அது கூலி கேட்கும் குரலன்று. கடவுளின் பிள்ளைகள் வெளிப்படுவதற்காக அது காத்திருக்கிறது என்கிறார் அப்போஸ்தலர்.

நம் திருச்சபைகள் பல மருத்துவமனைகளை நடத்துகின்றன. அவற்றின் ஆளுகைக் குழுக்களில் ஆயர்கள் அமர்ந்திருக்கின்றனர்; கட்டடம், பணியாளர் ஊதியம், கொள்முதல் ஆகியவை அங்கே பேசப்படுகின்றன. நரம்பில் ஏற்றும் திரவங்களையும் ஊசிமருந்துகளையும் வழங்கும் நிறுவனங்களிடம், எண்டோடாக்சின் சோதனைக்கு நண்டின் குருதியைப் பயன்படுத்துகிறீர்களா, நண்டின்றி ஆக்கிய புரதத்திற்கு எப்போது மாறுவீர்கள் என்று எழுத்துமூலம் கேட்க அக்குழுவுக்கு உரிமை உண்டு. ஒரே மருத்துவமனை கேட்டால் விடை வராமலும் போகலாம். பல பேராயங்களின் மருத்துவமனைகள் கூடிக் கேட்டால், அதை விற்பனையாளர் புறக்கணிப்பது அரிது. பாதுகாப்பில் ஐயமிருந்தால் மருந்தாளுநரையும் நோய்க்கிருமியியல் வல்லுநரையும் அழைத்து விளக்கம் பெறலாம். அவர்கள் இன்னும் பொறுத்திருக்கச் சொன்னால், எதுவரை என்று கேட்டு அதனைக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் எழுதி வைக்கலாம்.